அக்கா வண்டிக்கு டேப்பு போதும்

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே 'அக்கா' என்போம், முதுகுக்குப் பின்னால் 'பிரேக் அக்கா' என்போம். அவருடைய வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் அவர் உட்காரும் இடத்தில் இன்னொரு பிரேக். இரண்டையும் சேர்த்து ஒரு இரும்புத் தண்டு தரையோடு ஓடும். நாம் தப்பு செய்தால் முதலில் அவருடைய கால் பேசும், அப்புறம்தான் வாய். எது அதிகம் வலிக்கும் என்று கேட்டால் வாய் என்றுதான் சொல்வேன்.

"கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு? பொட்டு சரி பண்ணவா? பின்னாடி வர்றவன் உன்னைவிட அவசரத்துல இருக்கான், அவனைப் பாரு!"

இந்தக் கோபம் இல்லாவிட்டால் அவர் இன்னும் பழைய டிரைவிங் ஸ்கூலில் போன் எடுத்துக்கொண்டிருப்பார். அங்கே மேஜை வேலைக்குத்தான் சேர்ந்தார். கற்றுக்கொடுக்கிற ஆண்கள், வரும் பெண்களைக் கிண்டல் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் பொறுக்காமல், "நான் கத்துக்கிட்டு நானே சொல்லிக் கொடுக்கிறேன், போங்கடா" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம். சொன்னபடி செய்தார். வருஷக்கணக்காக உழைத்தபின், ஓட்டை வண்டிகளை மட்டும் தனக்கே தள்ளிவிடுகிறார் முதலாளி என்று தெரிந்ததும் அங்கேயும் ஒரு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டாவது பிரேக் வைத்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்று கால் வீங்கிப்போய்தான் கார் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். என் மாமியார் கூடவே வந்துவிட்டார். "சொல்லிக் கொடுக்கிறவங்க பொம்பளைதான் அத்தை, நீங்க எதுக்கு?" என்றேன். "பொம்பளையா இருந்தா வண்டி மோதாதா?" என்று கேட்டுவிட்டுப் பின் சீட்டில் நடுவாக ஏறி உட்கார்ந்துகொண்டார். நடுவில் உட்கார்ந்தால்தான் ரோடு தெரியுமாம். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

வண்டி கிளம்பும் முன் அக்கா திரும்பிப் பின்னால் பார்ப்பார். மாமியாரின் தண்ணீர் பாட்டில் சீட்டில் கிடக்கக்கூடாது. பை காலுக்கு நடுவில் இருக்க வேண்டும். குடையைக்கூட டிக்கியில் கட்டித்தான் வைத்திருப்பார். பழைய ஸ்கூலில் ஒருமுறை யாரோ விட்டுப்போன பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் சிக்கி, வண்டி நேராக ஒரு சலூனுக்குள் போய் நின்றதாம். "பாதி ஷேவிங்கோட ஒருத்தன் ரோட்டுக்கு ஓடிட்டான்" என்று சொல்லும்போதுகூட அவர் சிரிக்கமாட்டார்.

அப்படிப்பட்டவருடைய வண்டியில்தான் அது நடந்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி. கார்களுக்குப் பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர், லைட்டு மாட்டுகிற கடையில் வேலை. முப்பத்து நாலு வயதாகியும் வீட்டில் அவன் 'சின்னவன்'. எனக்கு அவன்மேல் மரியாதை வர ரொம்ப நாளாயிற்று. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சின்ன வயதில் அவன் ஒரு ரேடியோவைக் கழற்றிப் பிரித்துப் போட்டான். அதைத்தான் அந்தக் குடும்பம் இன்றுவரை பெருமையாகச் சொல்லும். "அப்பவே கைல ஸ்க்ரூ டிரைவரோட பொறந்தவன்" என்பார் அம்மா. அந்த ரேடியோ அக்காவுடையது. கட்டுரைப் போட்டியில் ஜெயித்து வாங்கியது. பிரித்தது பிரித்தபடியே போயிற்று, திரும்பப் பாடவே இல்லை. பெருமை பேசும்போது யாருடைய ரேடியோ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அக்கா அழுததற்கு அன்றைக்குக் கிடைத்த பதில், "சின்னப் பையன்தானே, விடு."

ஒரு சனிக்கிழமை, சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்று அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். வீடே கீழே இறங்கி வந்தது. டிக்கியில் பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில், முழங்கை நீளத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். அலுமினிய உடம்பு, முதுகெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தகடு, நெற்றியில் நீல விளக்கு. தூக்கினால் இஸ்திரிப் பெட்டி கனம். பாட்டைப் போட்டான். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி உதறியது.

"யாரைக் கேட்டு மாட்டின?" என்றார் அக்கா.

"சர்ப்ரைஸ்க்கா!"

"இது என் பொழப்பு. பொழப்புல எனக்கு எதுக்கு சர்ப்ரைஸ்?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆசையா வாங்கிப் போட்டிருக்கான். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வராதாடி உனக்கு?"

அக்கா வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "பின்னாடி உக்காரவங்க தலைக்கு நேரா இருக்கே. இங்க ஏன் வெச்ச?"

"டிக்கிக்குள்ள வெச்சா லைட்டு யாருக்குத் தெரியும்?"

"எதுல நிக்குது?"

"ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்பு. சாதா டேப்பு இல்ல, கம்பெனி டேப்பு. நீயே புடிச்சுத் தொங்கலாம்."

அக்கா பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இருந்தாலும் கழற்று என்றார். அம்மா அழத் தொடங்கினார். அக்காவின் வீட்டுக்காரர் ஹாஸ்டல் சமையல்காரர். நாள் முழுக்க நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வீட்டில் சத்தமே ஆகாது என்று இருப்பவர். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம், இப்ப விடு" என்றார். அக்கா விட்டார்.

அது வெயில் காலம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே வண்டி திறந்தவெளியில் நிற்கும். பின் கண்ணாடிக்குக் கீழே கை வைத்தால் சுடும். நானும் தினம் அந்த நீல விளக்கைப் பார்த்திருக்கிறேன். பாட்டு போடுவதில்லை, அக்கா சத்தத்தை அணைத்தே வைத்திருப்பார், விளக்கு மட்டும் எரியும். மாமியார்தான், "எம் பின்னாடி ஏதோ கண் முழிச்சுப் பார்க்குது" என்று முணுமுணுப்பார்.

அன்று குடோன்கள் இருக்கும் நேர் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதன்முறையாக மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துச் சந்திலிருந்து ஏணியைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஒருவன் ஸ்கூட்டரில் வெளியே வந்தான். நான் பிரேக்கை மறந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். எதிரே லாரி.

அக்கா என் பக்கமாகச் சாய்ந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்த்தி, காலால் பிரேக்கை மிதித்தார். வண்டி அலறிக்கொண்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் பெல்ட்டில் தொங்கி நின்றோம். அந்த ஆம்ப்ளிஃபயர் நிற்கவில்லை. பின் சீட்டில் தலை சாய்க்கும் இரண்டு திண்டுகளுக்கு நடுவே பாய்ந்து வந்து, சீட்டை விட்டு வெளியே சாய்ந்திருந்த அக்காவின் தோளில் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு அது இரும்பின் சத்தமா எலும்பின் சத்தமா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் அறுந்த வயர் நுனி இரும்பில் பட்டு ஒருமுறை பொறி பறந்தது, கருகல் வாடை வந்தது. நான் இறங்கி ஓடி மாமியாரை வெளியே இழுத்தேன். வழக்கமாக நடுவில் உட்காருகிறவர், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அன்றுதான் என் சீட்டுக்குப் பின்னால் நகர்ந்திருந்தார். நடுவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் சொன்னது: "ஹேண்ட் பிரேக் போடு."

போட்டேன்.

"நியூட்ரல்."

அதையும் செய்தபிறகுதான் என்னைத் தொடவிட்டார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் காறை எலும்பு உடைந்து தோலுக்கடியில் கூடாரம் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபின், அந்தச் சனியனைக் கொண்டு வா என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். கவிழ்த்துப் பார்த்தார். டேப்பு விடவில்லை, நல்ல டேப்புதான். அந்தத் தட்டின்மேல் ஒட்டியிருந்த மெத்தென்ற துணிதான் வெயிலில் பசை இளகி, முழுசாகப் பிரிந்து டேப்போடு வந்திருந்தது. அவன் இரும்பில் ஒட்டவில்லை, துணியில் ஒட்டியிருந்தான்.

"பாத்தியா?" என்றார். அந்தத் துணியை விரலால் தட்டிக் காட்டினார். எனக்கு அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கத்தினது வீட்டில். நான் கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் சண்டை நடந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு. நேரம் சரியில்லை. பெரிசா போக வேண்டியது இத்தோட போச்சு. அக்காவுக்கு அந்த 'இத்தோட' என்ற வார்த்தையைக் கேட்டால் முகம் சிவந்துவிடும். துணி மாற்றப் பக்கத்தில் ஆள் வேண்டும். தலை சீவ ஆள் வேண்டும். பாதி வகுப்பில் நின்ற பெண்கள் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள்.

தம்பி வரவே இல்லை. பழக்கூடை மட்டும் யார் கையிலாவது வந்துகொண்டிருந்தது.

"அவன் சரியாவே சாப்பிடறதில்லடி" என்றார் அம்மா ஒருநாள், என் எதிரிலேயே. "ராப்பகலா அழுவுறான். நீ ஒரு போன் பண்ணி, பரவாயில்லடான்னு சொல்லிடேன்."

"எலும்பு உடைஞ்சது யாருக்கு?"

"உனக்குத்தான். அதுக்காக?"

"உடைஞ்ச நான் போன் பண்ணி, ஒடைச்சவனுக்கு ஆறுதல் சொல்லணும்?"

"வேணும்னா பண்ணான்? ஆசையாத்தானே..."

"அம்மா, இன்னொரு தடவ அந்த ஆசைங்கற வார்த்தை இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, இந்தப் பழக்கூடை ரோட்டுக்குப் போகும்."

வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார். "நீங்க விடுன்னு சொன்னீங்க, தோள் போச்சு!" என்றார் அக்கா. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். பாவம், அன்றைக்கு அவர் சொல்ல வந்தது காபி வேணுமா என்பதுதான்.

கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலை அக்கா எனக்குப் போன் செய்தார். "உனக்கு லீவு என்னிக்கு? வண்டியை நீ ஓட்டு. எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு." எங்கே என்று கேட்டேன். "கடைக்கு" என்றார். மாமியாரிடம் சொன்னால் வரவேண்டாம் என்றாலும் வருவார். சொல்லாமலே வாசலில் செருப்போடு நின்றிருந்தார்.

கடை முழுக்க ஸ்பீக்கர் அட்டைகள், தொங்கும் வயர்கள், ரப்பர் வாடை. அவன் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உரக்கக் கேட்டார். "இவன்தானா அந்த டேப்பு?"

கடை முதலாளி ஓடிவந்தார். அக்கா அவரிடம் பேசினார். "நான் கஸ்டமர். ஆம்ப்ளிஃபயர் மாட்டணும். இவர்தான் மாட்டணும். என் கண்ணு முன்னாடி மாட்டணும்." டிக்கியைத் திறந்து, மூலையில் அடி வாங்கிய அதே ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். "இதையேதான். முதல்ல உயிரோட இருக்கான்னு பாருங்க. செத்திருந்தா வேற ஒண்ணு வாங்கிக்கறேன்."

பேட்டரியில் மாட்டிப் பார்த்தார்கள். நீல விளக்கு எரிந்தது. "சாகுமா அது" என்றார் மாமியார்.

"இத தூக்கிப் போட்டுடலாம்க்கா" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"உங்களை நான் அதைக் கேக்கல. எங்க மாட்டுவீங்க, சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். "அக்கா, என்னை நீங்கன்னு கூப்பிடாத."

"கஸ்டமர் வேற எப்படிக் கூப்பிடுவாங்க? சொல்லுங்க. இந்த ஊஃபர் பெட்டி மேலயே முடுக்கிடலாமா?"

"கூடாது. பெட்டி நாள் பூரா அதிரும். அந்த அதிர்வுல ஆம்புக்குள்ள இருக்கற பத்தவெச்ச இடமெல்லாம் விட்டுப் போகும். ஸ்க்ரூவும் தளரும்."

"டிக்கித் தரையில?"

"கீழே பெட்ரோல் டேங்க். துளை போடவே கூடாது."

"பின் சீட்டோட முதுகுல?"

"அது வெறும் தகடு. ஸ்க்ரூ நுனி உக்காரவங்க பக்கம் வரும். சீட்டை மடக்கினா வயரும் நசுங்கும்."

"என் முதுகுக்குதான் எல்லாரும் குறி வெக்கிறாங்க" என்றார் மாமியார்.

கேட்கக் கேட்க அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. அக்காவின் முகம் இன்னும் இன்னும் இறுகுவதை நான் பார்த்தேன். தெரியாமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கும் போல.

"என் சீட்டுக்கு அடியில?" என்றார்.

"சில வண்டியில மாட்டுவோம்க்கா. இடம் இருந்தா, தண்ணி வராதுன்னா, காத்து போச்சுன்னா..."

"என் வண்டியில என்ன இருக்குன்னு திறந்து பாருங்க."

அவன் முன் சீட்டைத் தள்ளி, மிதியடியையும் அதற்கடியில் இருந்த கார்ப்பெட்டையும் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். அவன் பேட்டரியிலிருந்து பின்னால் இழுத்த சிவப்பு வயர், எங்கேயும் கட்டப்படாமல், இரண்டு பிரேக்கையும் சேர்க்கும் அந்த இரும்புத் தண்டின்மேல் சுருண்டு கிடந்தது. தண்டு போய்வந்து தேய்த்ததில் வயரின் மேல்தோல் ஒரு இடத்தில் வெளிறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் செம்பு தெரிந்திருக்கும். அல்லது சுருள் இறுகி, அக்கா மிதிக்கும்போது பிரேக் பாதியில் நின்றிருக்கும்.

முதலாளி குனிந்து பார்த்து, "என்னய்யா இது" என்றார்.

தோள் உடைந்த அன்று வராத பயம் அக்காவின் முகத்தில் அப்போது வந்தது. அவர் தன் காலடிப் பிரேக்கை நம்பித்தான் எங்களை மாதிரி ஒன்றும் தெரியாதவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறார். அந்தப் பிரேக் ஒன்றுதான் அவருக்கு இருக்கிறது.

"பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் வெச்சிருந்தீங்க" என்றார், குரலே உயராமல். "அது போனதாலதான் அன்னிக்கு வண்டி எரியல. அதை மட்டும் ஏன் ஒழுங்கா பண்ணீங்க?"

"அது... அது கை பழக்கம்."

"கஸ்டமர் வண்டியில இந்த மாதிரி வயரை அலைய விடுவீங்களா?"

"மாட்டேன்."

"டேப்பு போட்டு ஒட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"கேப்பாங்க. சண்டைக்கு வருவாங்க."

"நான்?"

அவன் உதடு கோணியது. "நீ அக்கா. திட்டுவ, அப்புறம் விட்டுடுவன்னு..."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. கடையில் இருந்த அத்தனை ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடினாலும் அந்தச் சத்தம் வராது. "விட்டுடுவேன்! ஆமாடா, விட்டுட்டேதான் இருக்கேன்! ஊர்ல இருக்கறவன் வண்டிக்கு போல்ட்டு, அக்கா வண்டிக்கு டேப்பு! ஊர்ல இருக்கறவன் கேப்பான்னு பயம், அக்கா கேட்டா அம்மா அழுவாங்கன்னு தைரியம்! ஆசைங்கறீங்க எல்லாரும். ஆசை இருந்தா அந்தக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்திருப்ப. என் காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு குனிஞ்சு ஒரு நிமிஷம் பார்த்திருப்ப. உனக்கு லைட்டு தெரியணும், அவ்வளவுதான்!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார். தம்பி சுவரோரம் போய்க் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் போய்த் தேற்றுவேன் என்று நினைத்தானோ என்னவோ. நான் போகவில்லை. மாமியார்கூடப் போகவில்லை.

"எழுந்திரிங்க" என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. "வேலை பாக்கி இருக்கு."

எழுந்தான். மதியம் முழுக்க வேலை நடந்தது. டிக்கியின் பக்கச்சுவர்தான் இடம் என்றான். இரண்டு பக்கமும் மூடியைக் கழற்றிக் காட்டினான். ஒரு பக்கம் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குக் குழாய் இறங்குகிறது, அதனால் அது வேண்டாம். இன்னொரு பக்கம் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குழிவு, உள்ளே விளக்கு வயர் தவிர ஒன்றுமில்லை. அந்தக் குழிவுக்கு அளவாகக் கனத்த பிளைவுட் வெட்டினான். வண்டியின் இரும்பில் ஏற்கெனவே இருந்த துளைகளில் பட்டை கொடுத்து, பலகையைப் போல்ட்டால் பூட்டினான். பலகையில் ஆம்ப்ளிஃபயரை, அதிர்ந்தாலும் தளராத நட்டு போட்டு நான்கு மூலையிலும் முடுக்கினான். தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தான். சூடு மேலே ஏறிப் போகுமாம். சுற்றிலும் கை நுழையும் அளவு இடம் விட்டான். ஸ்டெப்னியும் ஜாக்கியும் நகர்ந்து இடிக்காதபடி வார் போட்டுக் கட்டினான். ஊஃபர் பெட்டியையும் விடவில்லை, அதற்கும் பட்டை. சிவப்பு வயரை முழுசாக உருவி எடுத்துவிட்டுப் புதிய வயரைக் கதவோரமாகக் கொண்டுபோய், இரும்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, சாண் சாணாகக் கட்டினான். கரண்ட் திரும்பிப் போகும் கறுப்பு வயரை, பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்போடு பூட்டினான். நல்ல வேலைக்காரன்தான். அதுதான் எனக்கும் எரிச்சலாக இருந்தது.

முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான். "ஆட்டிப் பாருக்கா."

"ஆட்டிப் பார்த்ததெல்லாம் போதும். ஏறுங்க. பின் சீட்டுல, நடுவுல."

குடோன்களுக்குப் பின்னால் காலி மைதானம் ஒன்று உண்டு, நாங்கள் வளைந்து வளைந்து ஓட்டிப் பழகும் இடம். மாமியாரைக் கடையிலேயே விட்டுவிட்டோம், வாழ்க்கையில் முதல்முறையாக அவராகவே வரவில்லை என்றார். நான் ஓட்டினேன். அக்கா பக்கத்தில். தம்பி பெல்ட் போட்டுக்கொண்டு நடுவில்.

"மூணாவது கியர்" என்றார் அக்கா. "இன்னும் மிதி. இன்னும்."

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. மைதானத்தின் பாதி வந்ததும் அக்கா பிரேக்கை மிதித்தார். புழுதி எழும்பி எங்களை மூடியது. தம்பி இரண்டு கையாலும் தலையின் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் குனிந்துவிட்டான்.

எதுவும் வரவில்லை. டிக்கியில் ஒரு சின்ன சத்தம்கூட இல்லை.

புழுதி அடங்கும்வரை அவன் நிமிரவில்லை. அந்தக் குனிந்த நிலையிலேயே அழுகிற சத்தம் கேட்டது. "அந்தப் பாட்டியம்மா இங்கதான் உக்காருவாங்களாக்கா?"

"தினமும்."

"எனக்கு இது தோணவே இல்லக்கா. சத்தியமா தோணவே இல்ல. தப்பு பண்ணிட்டேன்." அதுவரை, இத்தனை பழக்கூடை அனுப்பியும், அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கவில்லை.

அக்கா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அது இளகின கண்ணீர் இல்லை. எனக்குத் தெரியும், கோபத்திலும் கண் அப்படித்தான் கலங்கும்.

"தலையைத் தூக்கு" என்றார். "இன்னொரு தடவ மிதிக்கிறேன். இந்த வாட்டி நிமிர்ந்து உக்காரு."

மூன்று முறை மிதித்தார். மூன்றாவது முறை அவன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். எலும்பு கூடிற்று, ஆனால் தோளில் ஒரு முடிச்சு நின்றுவிட்டது. கொடியில் துணி போட அந்தக் கை முழுசாக மேலே போகாது. போன பெண்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அம்மா இன்னமும், கடையில் எல்லார் எதிரிலும் என் பிள்ளை மானத்தை வாங்கினாள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். அந்தச் சண்டை மட்டும் தீரவில்லை. நான் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மாமியார் இப்போது எல்லா வண்டியிலும் ஏறியதும் பின்னால் திரும்பித் தட்டைத் தடவிப் பார்க்கிறார்.

நடுவில் ஒரு சம்பவம். தம்பியின் நெருங்கிய நண்பன் ஒருவன் பின் தட்டில்தான் வேண்டும், லைட்டு தெரிய வேண்டும் என்று நின்றானாம். மாட்ட முடியாது என்று இவன் சொல்ல, பேச்சு முற்றி நட்பே அறுந்துவிட்டதாம். முதலாளி இதை அக்காவிடம் சொன்னார். அக்கா "ம்" என்றார். அக்காவிடமிருந்து ஒரு 'ம்' வாங்குவது என்ன கஷ்டம் என்று அவரிடம் படித்த எங்களுக்குத்தான் தெரியும்.

இப்போதும் அவ்வப்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, நட்டு தளர்ந்திருக்கிறதா பார்க்கச் சொல்வார். போன வாரம் போனபோது நானும் இருந்தேன். எதுவும் தளரவில்லை. இருந்தாலும் நாலையும் ஸ்பேனர் வைத்துப் பார் என்றார். அவன் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாயிடுச்சு" என்றார் அக்கா அவன் முதுகைப் பார்த்து. "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மாடிப்படி இறக்க ஒரு ஆள் வேணும். என் கை தாங்காது."

"எத்தனை மணிக்கு?"

"வரியா இல்லையா, அதை முதல்ல சொல்லு."

"வரேன்க்கா" என்றான், உள்ளேயிருந்து.

"லேட்டா வந்தா பாரு" என்றார் அக்கா.